ட்ரோன் வரட்டும், கீழ நின்னு வாங்குறது யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்க பேப்பர்ல மலைக்கிராமங்களுக்கு ட்ரோன்ல மருந்து அனுப்புறதப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. அதப் படிச்சதுல இருந்து எனக்கு அதே யோசனையாத்தான் இருக்கு, ராத்திரி தூக்கம் வராம பொரண்டு படுக்கும்போது கூட அதான் ஓடுது. நான் ரிப்போர்ட்டும் ரிஜிஸ்டரும் எழுதுனவதான், பேப்பருக்கு லெட்டர் எழுதுறது இதான் மொத தடவ. பேத்தி போன்ல தமிழ் டைப் பண்ணக் கத்துக் குடுத்திருக்கா, அதுல தட்டிக்கிட்டு இருக்கேன்.

நான் பழனி மலைல கீழ்மலைப் பக்கம் கிராம சுகாதார செவிலியரா 31 வருஷம் வேல பாத்து ரிட்டயர் ஆனவ. எங்க ஆளுக வி.எச்.என்-னு சொல்லுவோம், ஊர்க்காரங்களுக்கு நர்சம்மா. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமெல்லாம் இப்ப ரோடு நல்லா இருக்கு, பஸ் வருது, நான் அதச் சொல்ல வரல. அந்த ரோட்டுல இருந்து காப்பித் தோட்டத்துக்குள்ள எறங்கி ஓடை தாண்டி ஒத்தையடிப் பாதையில ரெண்டு மணி நேரம் மூணு மணி நேரம் நடந்தா பளியர் பழங்குடி சனம் இருக்குற குடியிருப்பு வரும்ல, அந்த மாதிரி எடங்களச் சொல்றேன். புதன்கிழமை தடுப்பூசி நாள். வேக்சின் கேரியரத் தோள்ல மாட்டிக்கிட்டு காலைல 6 மணிக்கு கெளம்புனா பத்து பத்தரைக்குப் போய்ச் சேருவேன், சாக்ஸுக்குள்ள அட்ட ஏறியிருக்கும், உப்புப் பொட்டலம் ஒண்ணு எப்பவும் பையில வெச்சிருப்பேன்.

அந்தக் கேரியருக்குள்ள நாலு ஐஸ் பேக் இருக்கும். ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ஒடனே அப்படியே உள்ள வெச்சிரக் கூடாது, வெச்சா பக்கத்துல இருக்குற பென்டா மருந்து, அஞ்சு நோய்க்குச் சேத்து ஒரே ஊசியா போடுறது, ஒறஞ்சு போயிரும், ஒறஞ்ச மருந்து அதுக்கப்புறம் ஒண்ணுக்கும் ஆகாது. ஐஸ் பேக்க வெளிய எடுத்து வெச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாக்கணும், உள்ள தண்ணி சலசலன்னு சத்தம் கேட்டாத்தான் கேரியர்ல வெக்கலாம். 2 டிகிரில இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், அதுக்குத்தான் இவ்வளவு பாடு. அப்புறம் இந்த டி.பி தடுப்பூசி பி.சி.ஜி இருக்கே, பவுடரா வரும், அதோட வர்ற கரைசலக் கலந்துட்டா 4 மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சிரணும், மிச்சத்த கொட்டிரணும். ஒரு குப்பில 10 பிள்ளைகளுக்கு மேல போடலாம், எங்க குடியிருப்புல அந்த மாசம் பொறந்தது ஒரே ஒரு பிள்ளையா இருக்கும். ஒண்ணுக்காக ஒடைக்கவான்னு யோசிச்சு யோசிச்சு, அடுத்த மாசம் இன்னொண்ணு பொறக்கும் ரெண்டுக்கும் சேத்துப் போடலாம்னு தள்ளிப் போட்ட நாள் எனக்கு உண்டு, ஒளிக்காம சொல்றேன், அது தப்புதான். ஒரு பிள்ளையா இருந்தாலும் ஒடச்சுப் போடுங்கன்னுதான் ரூல். ஆனா மூணு மணி நேரம் நடந்து போறவளுக்குத்தான் அந்த யோசனையெல்லாம் வரும், பஸ்ஸ்டாண்டு பக்கத்துல சப் சென்டர், அதான் துணை சுகாதார நிலையம், வெச்சிருக்கவங்களுக்கு வராது.

அதனால ட்ரோன்ல மருந்து வரும்னு படிச்சப்ப எனக்கு எரிச்சல் ஒண்ணும் வரல. சந்தோசம்தான். என் தங்கச்சி மகன் ஒருத்தன் லைசன்ஸ் வாங்கி ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறித் தோட்டத்துக்கு ட்ரோன்ல மருந்தடிச்சுக்கிட்டு இருக்கான், அவன உக்கார வெச்சு ஒரு நாள் பூரா கேள்வி கேட்டேன். அவன் சொன்னதையும் நான் தேடிப் பாத்ததையும் சேத்துத்தான் எழுதுறேன்.

எல்லாரும் சொல்ற உதாரணம் ருவாண்டா. ஆப்பிரிக்காவுல சின்ன நாடு, ஆயிரம் குன்றுகளின் நாடுன்னு பேரு, அப்பவே நம்ம மலை மாதிரிதான்னு தெரியுதுல்ல. 2016 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க, சிப்லைன்னு ஒரு கம்பெனி, மொதல்ல ரத்தம்தான். நம்ம கல்யாண வீட்டுல தலைக்கு மேல கிர்ர்னு சுத்துமே அந்த மாதிரி இல்ல, சின்ன ஏரோப்ளேன் மாதிரி ரெக்கை வெச்சது, கவண்ல கல்லு விடுற மாதிரி ஒரு மிஷின் அத வானத்துக்குத் தள்ளி விடுது. ஆஸ்பத்திரிக்கு மேல போனதும் பேப்பர் பாராசூட் கட்டுன பெட்டியப் போட்டுட்டு, கீழ எறங்காமலே திரும்பி வந்துருது. ஆஸ்பத்திரில இருந்து வாட்ஸப்புல ஆர்டர் போட்டாப் போதுமாம். 2022ல லான்செட் குரூப் மருத்துவப் பத்திரிகை ஒண்ணுல இதப் பத்தி ஆராய்ச்சி வந்திருக்கு, சராசரியா 50 நிமிஷத்துல ரத்தம் போய்ச் சேருது, ரோட்டுல போறத விட ஒரு மணி நேரத்துக்கு மேல மிச்சம், அதையெல்லாம் விட எனக்குப் பெருசா பட்டது என்னன்னா, தேதி முடிஞ்சு கொட்டுற ரத்தம் மூணுல ரெண்டு பங்கு கொறஞ்சு போச்சாம். ஏன்னா ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் எதுக்கும் இருக்கட்டும்னு பயந்து பயந்து ஸ்டாக் வெக்க வேண்டியதில்ல, ஒரே எடத்துல வெச்சு வேணுங்கிறப்ப அனுப்புனாப் போதும். என் பி.சி.ஜி கதையும் அதேதான், பாத்தீங்களா.

நம்ம நாட்டுலயும் நடந்திருக்கு. 2021 செப்டம்பர்ல தெலங்கானாவுல விகாராபாத்துல சோதனை ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் அக்டோபர் 4ம் தேதி மணிப்பூர்ல மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு ஐ.சி.எம்.ஆர் கொரோனா தடுப்பூசிய பிஷ்ணுபூர் மாவட்ட ஆஸ்பத்திரில இருந்து லோக்டாக் ஏரிக்குள்ள இருக்குற கராங் தீவு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புனாங்க, ரோட்டு வழியா 26 கிலோமீட்டர், வானத்துல 15, கால் மணி நேரத்துல போயிருச்சு. 2023 பிப்ரவரில ரிஷிகேஷ் எய்ம்ஸ்ல இருந்து டெஹ்ரி மலைக்கு டி.பி மாத்திரை பறந்துச்சு, வான வழியா ஒரு 40 கிலோமீட்டர், அரை மணி நேரம். அதே வருஷம் மே மாசம் நொய்டா பக்கம் 10 பை ரத்தத்த ட்ரோன்ல ஏத்திப் பறக்க விட்டுப் பாத்தாங்க. நம்ம ஊர்ப் பிள்ளைகளும் சும்மா இல்ல, சென்னைல அண்ணா பல்கலைக்கழகம் எம்.ஐ.டி வளாகத்துப் பசங்க, தக்‌ஷா டீமு, நடிகர் அஜித் ஆலோசகரா இருந்தாரே அதே டீமுதான், 2018ல ஆஸ்திரேலியாவுல மெடிக்கல் எக்ஸ்பிரஸ்னு ஒரு போட்டி, எட்டாத எடத்துல இருக்குற ஆளுகிட்ட இருந்து ரத்த சாம்பிள் எடுத்துட்டு வரணும், அதுல ரெண்டாவதா வந்தாங்க. அதனால நம்மளால முடியாதுன்னு நான் சொல்லவே மாட்டேன்.

ஆனா இந்த உதாரணத்துல எல்லாம் ஒண்ணக் கவனிங்க. பறந்து போய்ச் சேந்த எடம் எது? ஆஸ்பத்திரி, இல்லன்னா ஆரம்ப சுகாதார நிலையம். ருவாண்டாவுல அந்தப் பேப்பர் பாராசூட் எறங்குற எடத்துல டாக்டர் இருக்காரு, லேப் இருக்கு, ரத்தத்த வாங்கி ஏத்துறதுக்கு நர்சு இருக்கா. உங்க கட்டுரைல "மலைவாழ் மக்களின் வீட்டு வாசலுக்கே மருந்து"ன்னு தலைப்பு போட்டிருந்தீங்க, அங்கதான் எனக்கு இடிச்சுச்சு. வீட்டு வாசலுக்கு வந்த மருந்த யாரு ஒடைக்கிறது, யாரு போடுறது?

ஒண்ணு சொல்றேன். 2009னு நெனைக்கிறேன், மெளகு பறிக்கிற சீசன். 15 வயசுப் பையன், ஏணில இருந்து எறங்கி கால வெச்சிருக்கான், சருகுக்குள்ள கண்ணாடி விரியன். நான் அன்னைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன். இறுக்கிக் கட்டுப் போடாதீங்க, கீறி விடாதீங்க, கால அசைக்காம வெச்சுத் தூக்குங்கன்னு சொல்லி டோலி கட்டித் தூக்கிட்டு வந்தோம், ரெண்டரை மணி நேரம், அப்புறம் ஜீப்பு. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனோம், எதுன்னு சொல்ல வேணாம். மருந்து இருந்துச்சு சார். ஃப்ரிட்ஜுல இருந்துச்சு, நானே கண்ணால பாத்தேன். டாக்டர் இல்ல. இருந்த ஸ்டாஃப் நர்சு சின்னப் பொண்ணு, வேலைக்குச் சேந்து மூணு மாசம், போட பயந்துச்சு, அதக் குத்தம் சொல்ல முடியாது. ஏன்னா பாம்பு மருந்து காய்ச்சல் ஊசி மாதிரி இல்ல. அதுக்கு மொதல்ல சுத்தமான கண்ணாடி டியூப்ல ரத்தம் எடுத்து 20 நிமிஷம் ஆட்டாம வெச்சு உறையுதான்னு பாக்கணும், எடுத்த எடுப்புலயே 10 குப்பி வேணும், சின்னப் பிள்ளைன்னு கொறைக்கக் கூடாது, கொறஞ்ச ஒடம்புலயும் வெஷம் அதே அளவுதான. மருந்து ஏறும்போதே சில பேருக்கு ஒடம்பு பூரா தடிச்சு மூச்சு அடச்சிரும், அப்ப ஒடனே அட்ரினலின் போடணும். அங்க இருந்து கீழ அனுப்புனாங்க, இன்னும் ரெண்டு மணி நேரம். பையன் பொழச்சுட்டான், கிட்னி கெட்டு டயாலிசிஸ் பண்ணி மூணு வாரம் கழிச்சு வீட்டுக்கு வந்தான், பாதத்துல ரெண்டு வெரலு இல்ல.

அன்னைக்கு ட்ரோன் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? 10 குப்பி அந்தத் தோட்டத்துக்கே வந்து எறங்கியிருக்கும், நான் கைல வாங்கி வெச்சுக்கிட்டு நின்னுருப்பேன், அவ்வளவுதான். போடுற அதிகாரமும் எனக்கு இல்ல, பக்குவமும் இல்ல. இன்னொண்ணு, அந்த மருந்து நாலு பாம்புக்குத்தான் கேக்கும், நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மலையில இருக்குற குழி விரியன் வகைகளுக்கு அது வேல செய்யாது, எந்தப் பாம்புன்னு பாத்து முடிவு பண்ணவும் ஆள் வேணும். இதுல பாருங்க, அந்த மருந்து தயாரிக்க வெஷம் எடுத்துக் குடுக்குறதே சென்னைக்குத் தெக்க வடநெம்மேலில இருக்குற இருளர் பாம்பு பிடிக்கிறவங்க கூட்டுறவு சங்கம், 1978ல ஆரம்பிச்சது, காட்டு சனம் கையால எடுத்துக் குடுத்தது காட்டு சனத்துக்கே வந்து சேர மாட்டேங்குது. சரி, அது வேற கத.

இப்ப இன்னொண்ணு, இது ட்ரோனுக்கு ஆதரவா. 2018 நவம்பர் 16, கஜா புயல். கடக்கரையில அடிச்ச புயல்னுதான் எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்காங்க, அது உள்ள ஏறி வந்து எங்க மலையப் புரட்டிப் போட்டுட்டுப் போச்சு. மரம் எல்லாம் குறுக்க விழுந்து கெடக்கு, மலைப்பாதை அடைபட்டுப் போச்சு, கரண்டு இல்ல, போன் இல்ல. அந்த ராத்திரிதான் ஒரு பொண்ணுக்குப் பிரசவம். பிள்ள நல்லாப் பொறந்துச்சு, நஞ்சுக்கொடியும் விழுந்துச்சு, ஆனா ரத்தப் போக்கு நிக்கல. ஏற்கனவே ஹெச்.பி 8தான் அதுக்கு, ஓ நெகட்டிவ் வேற. மேல இருக்குற ஆஸ்பத்திரி வரைக்கும் எப்படியோ கொண்டு போய்ச் சேத்துட்டோம், அங்க டாக்டரம்மா இருந்தாங்க, ஊசி போட்டாங்க, வயித்த அமுக்கிக்கிட்டே நின்னாங்க, எல்லாம் இருந்துச்சு, அந்த ரத்தம் மட்டும் இல்ல. கீழ இருக்கு, மேல இல்ல. நடுவுல மரம். ஊர்ப் பசங்க ரம்பமும் அருவாளும் எடுத்துக்கிட்டுப் போய் வழி வெட்டி, மறுநாள் சாயங்காலம் ரெண்டு பை வந்துச்சு. அதுக்குள்ள கர்ப்பப்பைய எடுக்க வேண்டியதாப் போச்சு. அந்தப் பொண்ணுக்கு அப்ப 20 வயசு. ஒரே பிள்ளையோட நின்னு போச்சு.

புயல் அடிச்ச ராத்திரி எந்த ட்ரோனும் பறந்திருக்காது, அத நான் ஒத்துக்கிறேன், தங்கச்சி மகனும் அதான் சொன்னான். ஆனா மறுநாள் காலைல 10 மணிக்கு வானம் தொடச்சு விட்ட மாதிரி இருந்துச்சு சார். காத்தே இல்ல. ரோடு மட்டும்தான் இல்ல. ரத்தப் பை ஒண்ணு அரை கிலோ கூட வராது. கீழ வத்தலக்குண்டுப் பக்கம் இருந்து நேர் கோட்டுல பாத்தா எவ்வளவு தூரம், வளைஞ்சு வளைஞ்சு வர்ற ரோட்ட விட ரொம்பக் கம்மி. வாங்க டாக்டர் ரெடியா நிக்கிறாங்க. இந்த மாதிரி நேரத்துக்கு ட்ரோன் வேணும்னுதான் நான் சொல்றேன், கீழ இருந்து மேல இருக்குற ஆஸ்பத்திரிக்கு. அங்க ஆரம்பிங்க. குடியிருப்புக்கு அப்புறம் வரலாம்.

குடியிருப்புக்கு வர்றதுன்னா அங்க இருந்து கீழ எறக்குறதுதான் மொத வேலையா இருக்கணும், இத யாருமே பேச மாட்டேங்குறாங்க. மருந்து மேல போறதையே பேசுறோம், சாம்பிள் கீழ போறத மறந்துடுறோம். ரெண்டு வாரமா இருமுற ஒரு பெரியவர் இருந்தாருன்னா அவரு சளிய டப்பாவுல வாங்கி ரெண்டு மூணு நாளுக்குள்ள டி.பி இருக்கான்னு பாக்குற ட்ரூநாட் மிஷின் இருக்குற எடத்துக்குக் கொண்டு போய்ச் சேக்கணும். அடுத்த தடவ நான் வர்ற வரைக்கும் வெச்சிருந்தா அது கெட்டுப் போயிரும், அவர வரச் சொன்னா ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், வர மாட்டாரு. வராம இருந்து வீட்டுல பேரன் பேத்திக்கெல்லாம் ஒட்டிக்கிட்ட கேசு எனக்குத் தெரியும். கர்ப்பிணிக்கு ரத்தம் எடுத்தா அதுவும் அப்படித்தான். இதெல்லாம் வெயிட்டே இல்லாத சாமான், ட்ரோனுக்கும் எறக்கம்தான, பேட்டரி கம்மியாத்தான் ஆகும். மாத்திரைய நான் தூக்கிட்டுப் போயிருவேன், பி.பி மாத்திரை சுகர் மாத்திரையெல்லாம் இப்ப மக்களைத் தேடி மருத்துவத்துல 2021ல இருந்து வீட்டுக்கே வருது, ஒரு மாசத்துக்கு சேத்து வாங்கி வெச்சுக்கலாம், அதுக்குப் போய் ட்ரோன் எதுக்கு?

ஏத்தம்ங்கிறது லேசு இல்ல. பெரியகுளம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் கூட இருக்காது, கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல. ஏத்தத்துல ஜீப்பு எப்படி டீசல் குடிக்குமோ அப்படித்தான் இது பேட்டரி குடிக்கும்னான் தங்கச்சி மகன். மேல போகப் போக காத்து வேற லேசாயிரும், 2,000 மீட்டர்ல அஞ்சுல ஒரு பங்கு கிட்ட கொறஞ்சிரும், ரெக்கை அதே வெயிட்டத் தூக்க வேகமா சுத்தணும். வயல்ல 10 லிட்டர் தூக்குற மிஷின இங்க கொண்டாந்து வெச்சா அதே கணக்கு வராது. அப்புறம் மஞ்சு. மத்தியானம் 2 மணிக்கு மேல பள்ளத்துல இருந்து பொகை மாதிரி ஏறி வந்துச்சுன்னா முன்னாடி நிக்கிற ஆளு தெரியாது. ஐப்பசி கார்த்திகைல கேக்கவே வேணாம், எங்களுக்கு அதான் மழைக்காலம், பாதை அறுத்துக்கிட்டுப் போறதும் அப்பத்தான், மருந்து தேவைப்படுறதும் அப்பத்தான், ட்ரோன் பறக்க முடியாததும் அப்பத்தான்! டெமோ காட்ட வர்றவங்க எல்லாம் மாசி பங்குனில நல்ல வெயில்ல வந்து பறக்க விட்டுட்டு போட்டோ எடுத்துட்டுப் போயிருவாங்க. கார்த்திகைல வந்து பறக்க விடுங்க, நான் மாலை போடுறேன்.

அனுமதிங்கிறது இன்னொரு மலை. 2021 ஆகஸ்ட்ல புது ட்ரோன் விதி வந்துச்சு, பச்சை மஞ்சள் சிவப்புன்னு ஏரியா பிரிச்சு வெச்சிருக்காங்க, பச்சைல 400 அடி வரைக்கும் பறக்கலாம். ஆனா ஓட்டுறவன் கண்ணுக்கு மறைஞ்சு போறதுக்குத் தனியா அனுமதி வேணும், ஐ.சி.எம்.ஆரே விமானத்துறைகிட்ட விலக்கு வாங்கித்தான் மணிப்பூர்ல பறக்க விட்டுச்சு. மலைல கண்ணுக்கு மறையாம எத்தன தூரம் பறக்க முடியும், ஒரு திருப்பம் திரும்புனா மறைஞ்சிருமே. அது போக இங்க பாதிக்கு மேல காடு, 2013ல வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்சாச்சு, வனத்துறையும் சரின்னு சொல்லணும். டூரிஸ்ட்டுக வந்து பாறை உச்சில நின்னுக்கிட்டு ட்ரோன் விட்டு வீடியோ எடுக்குறதுல ஏற்கனவே எங்க சனத்துக்குக் கோவம் உண்டு, குளிக்கிற எடத்துக்கு மேல வந்து சுத்துனா யாருக்குத்தான் கோவம் வராது. தேனெடுக்குற பளியர் ஒருத்தர் என்கிட்ட கேட்டாரு, பெருந்தேனீ கூடு இருக்குற பாறைக்குப் பக்கத்துல இது இரைஞ்சுக்கிட்டுப் போனா தேனீ கலைஞ்சு ஆளக் கொட்டாதான்னு. எனக்குப் பதில் தெரியல. ஆனா வழி போடுறவங்க மேப்ப மட்டும் பாத்துக் கோடு போடாம அவரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு கோடு போடணும்னு தோணுச்சு.

ஓட்டுறது யாருங்கிறதும் எனக்குப் பெரிய கேள்வி. சென்னைல இருந்தோ கோயமுத்தூர்ல இருந்தோ ஒரு பையன் வந்து லாட்ஜுல தங்கி ஆறு மாசம் ஓட்டிட்டு ப்ராஜெக்ட் முடிஞ்சதும் பெட்டியக் கட்டிட்டுப் போயிருவான், மிஷின் ஆபீஸ் ரூம்ல அட்டப்பெட்டிக்குள்ள தூங்கும். இப்படித் தூங்குற சாமான் என் சர்வீஸ்ல எத்தனையோ பாத்துட்டேன், சோலார் ஃப்ரிட்ஜு உள்பட. லைசன்ஸ் வாங்க 18 வயசும் பத்தாவது பாஸும் போதும்ங்கறாங்க, ஒரு வாரம் பத்து நாள் ட்ரெய்னிங். எங்க கீழ்மலைல பத்தாவது முடிச்சுட்டு காப்பி பறிக்கப் போற பொண்ணுக எத்தன பேர் வேணும் உங்களுக்கு? 2023 நவம்பர்ல மத்திய அரசு ட்ரோன் தீதின்னு ஒண்ணு ஆரம்பிச்சு, மகளிர் குழுக்களுக்கு 15,000 ட்ரோன், வயலுக்கு உரம் தெளிக்கன்னு சொன்னாங்கள்ல, வயலுக்குக் குடுக்குறப்ப மலைக்கு ஏன் குடுக்கக் கூடாது. அந்தப் பொண்ணுக்கு மஞ்சு எப்ப ஏறும்னு தெரியும், எந்தப் பள்ளத்துல காத்து சுழிக்கும்னு தெரியும், காட்டுமாடு எங்க படுத்திருக்கும்னு கூடத் தெரியும்.

இன்னொரு பயமும் இருக்கு, அத எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். ரோடு கேட்டா ட்ரோன் குடுத்துட்டோமேன்னு சொல்லிருவாங்களோன்னு. வெள்ளகெவிக்காரங்க கிட்டக் கேளுங்க, சின்னூர், பெரியூர்க்காரங்க கிட்டக் கேளுங்க, மழை பெஞ்சு ஆத்துல தண்ணி வந்துட்டா அந்தக் கரைல நிக்க வேண்டியதுதான். வத்தலக்குண்டு ரோடு போடுறதுக்கு முன்னாடி பெரியகுளத்துப் பக்கம் இருந்து வெள்ளக்காரத் தொரைகளையும் தொரசானிகளையும் டோலியிலயும் நாற்காலியிலயும் வெச்சு கூலி ஆளுக தூக்கிக்கிட்டு கொடைக்கானலுக்கு ஏறுன மலை அது. அவங்களுக்கு ரோடு வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. டோலி மட்டும் போகல, இப்ப அதுல படுத்து வர்றது பிரசவ வலி எடுத்த பொண்ணுகளும் வயசானவங்களும். மருந்து கொண்டு வர்ற ட்ரோன் ரெண்டு கிலோ மூணு கிலோ தூக்கும், அம்பது கிலோ பொண்ணத் தூக்காது. அதனால ரோட்டுக்குப் பதிலா இதுன்னு யாராவது பேசுனா உங்க பேப்பர் அத அப்படியே போட்டுரக் கூடாது, திருப்பிக் கேக்கணும்.

நான் கேக்குறது ரொம்ப இல்ல. ட்ரோன் வாங்குற காசுல ஒரு பங்கு, அது எறங்குற எடத்துல நிக்கிற ஆளுக்கு ஒதுக்குங்க. குடியிருப்புல ஒரு பொண்ண எடுத்து, ரத்தம் எடுக்கவும் சளி டப்பா மூடவும் ஐஸ் பேக் ஆட்டிப் பாக்கவும் சொல்லிக் குடுத்து, மாசச் சம்பளம்னு ஒண்ணு போட்டுக் குடுங்க, ஊக்கத்தொகை, கௌரவத் தொகைன்னு ஏமாத்தாம. சப் சென்டர்ல காலியா இருக்குற போஸ்ட்ட நிரப்புங்க. நான் ரிட்டயர் ஆனப்ப என் எடத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆள் வரல, பக்கத்து ஏரியா நர்சம்மா ரெண்டையும் சேத்துப் பாத்துச்சு. அப்ப ட்ரோன் வந்திருந்தா, பூட்டிக் கெடக்குற கதவுக்கு முன்னாடிதான் பெட்டியப் போட்டுட்டுப் போயிருக்கும்.

போன மாசம் ஒரு விசேசத்துக்காக, நான் முன்னாடி ஊசி போடப் போன ஒரு குடியிருப்புக்குப் போயிருந்தேன். முட்டி வலியோட நாலு மணி நேரம் ஆச்சு, முன்னாடி மாதிரி ஏற முடியல. பழைய பாட்டி ஒண்ணு, அதோட மூணு பிள்ளைக்கும் நான்தான் ஊசி போட்டேன், ட்ரோன் விசயத்தச் சொன்னதும் "அதுல என்னைய உக்கார வெச்சு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி விடுவியா ஆத்தா"ன்னு கேட்டுச்சு. ஆள ஏத்தாது பாட்டி, மருந்து மட்டும்தான்னேன். "அப்ப மருந்தக் கொண்டாந்து யாருகிட்டக் குடுக்கும், ஒன்னயத்தான் வீட்டுக்கு அனுப்பிட்டாகளே"ன்னுச்சு.

கடைசியா ஒரு விசயம், இத டெமோவுக்கு வர்றவங்க கண்ணுல படுற மாதிரி போடுங்க. அந்தக் குடியிருப்புல சமதளமா இருக்குறது பள்ளிக்கூடத்து முன்னாடி இருக்குற எடம், மேப்புல பாத்தா அதான் வசதின்னு தோணும், அங்க எறக்காதீங்க. அங்க சிக்னல் ஒரு கோடு கூட வராது. மேக்க ஓடையத் தாண்டி ஒரு பெரிய பாறை இருக்கு, ஊர்ல எல்லாரும் போன் பேசணும்னா அதுலதான் ஏறி நிப்பாங்க, பிரசவ வலின்னு எனக்கு வந்த போன் எல்லாம் அந்தப் பாறைல இருந்து வந்ததுதான். அங்க எறக்குங்க. வழி தெரியலன்னா என்னையக் கூப்பிடச் சொல்லுங்க, மெதுவா நடந்தாலும் வந்து காட்டுறேன், காலைல 6 மணிக்கு கெளம்பிரணும், மத்தியானத்துக்கு மேல மஞ்சு ஏறிரும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கீழ்மலை, கொடைக்கானல் தாலுகா.